கடிகாரப் பணிமேசை: ஜூரா மலையிலிருந்து வீட்டு ஜன்னலுக்கு

கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் மீண்டும் பூட்டவும் பயன்படும் தனிவகை மேசை கடிகாரப் பணிமேசை எனப்படும். சாதாரண எழுதுமேசையின் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். கடிகாரப் பணிமேசையோ 95 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை உயர்ந்திருக்கும். நாற்காலி மட்டும் வழக்கமான உயரத்திலேயே இருக்கும். ஆகவே அதன் முன் உட்காருபவரின் மார்பளவுக்கு மேசைப்பலகை வந்துவிடுகிறது. பெரியவர்களின் மேசையில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருப்பதைப் போன்ற தோற்றம் அது.

பொழுதுபோக்காகக் கடிகாரம் பழுதுபார்க்கத் தொடங்குவோர் பலர் முதலில் திருப்புளிகளையும் சாமணங்களையும் வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையிலேயே வேலையை ஆரம்பிக்கின்றனர். கழுத்தும் முதுகும் வலித்த பிறகுதான் மேசையைப் பற்றிய நினைப்பு வருகிறது. உண்மையில் இத்தொழிலின் முதல் கருவி மேசையே. அதைச் சுற்றி ஒரு மலைநாட்டின் வாழ்க்கையே அமைந்திருந்தது என்பதைச் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதி வரலாறு காட்டுகிறது.

உயரத்தின் காரணம்

பள்ளி இயற்பியல் பாடம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்ணுக்குத் தெளிவான பார்வைத் தொலைவு 25 சென்டிமீட்டர் என்று கொள்வது வழக்கம். ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குவிலென்சின் குவியத்தொலைவு சுமார் 5 சென்டிமீட்டர். பத்து மடங்கு என்றால் அது 2.5 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்குழியில் இடுக்கிக்கொள்ளும் சிறிய லென்ஸ் இத்தகையது. எனவே பார்க்கப்படும் பொருள் கண்ணுக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். தலையைத் தாழ்த்த வேண்டும், அல்லது மேசையை உயர்த்த வேண்டும். நாள் முழுவதும் தலையைத் தாழ்த்தியிருக்க எவராலும் இயலாது.

இரண்டாவது காரணம் கைநடுக்கம். கைக்கடிகாரத்தின் சமநிலைச் சக்கரம் சுழலும் அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். கை அந்தரத்தில் நின்றால் அந்த முனையை மாணிக்கக் கல்லின் துளைக்குள் இறக்க முடியாது. மேசை மார்பளவு உயர்ந்திருந்தால் முன்கை முழுவதும் பலகைமீது படிகிறது. விரல்கள் மட்டுமே அசைகின்றன. நல்ல பணிமேசைகளில் இருபுறமும் கை தாங்கும் பலகைகள் இருப்பது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டுத் தெருவோரக் கடிகாரக் கடைகளில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் பழுதுபார்ப்பவரைப் பலரும் பார்த்திருப்பர். அங்கும் பலகை உயர்ந்தே இருக்கும். தூசியைத் தடுக்கக் கண்ணாடி உதவும். இடம் வேறானாலும் தேவை ஒன்றே.

பண்ணைவீட்டில் ஒரு மேசை

சுவிஸ் கடிகாரத் தொழில் முதலில் வேரூன்றிய இடம் ஜெனிவா. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த சீர்திருத்தக் கிறித்தவர்களுள் கடிகாரக் கைவினைஞர்களும் இருந்தனர். அங்கே 1601இல் கடிகாரத் தொழிலாளருக்கான சங்கம் ஏற்பட்டது. அதன் விதிகள் கடுமையானவை. நகருக்கு வெளியே, நியூஷாடெல் மலைப்பகுதியில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை.

இப்பகுதியில் தொழிலைத் தொடங்கியவராகப் போற்றப்படுபவர் டேனியல் ஜான்ரிஷார். குதிரை வியாபாரி ஒருவரின் பழுதான கடிகாரத்தை இளைஞரான அவர் சரிசெய்தார் என்றும், பின் அதைப்போல் ஒன்றைத் தாமே செய்ய முயன்று, தேவையான கருவிகளையும் தாமே உருவாக்கினார் என்றும் வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. கதையில் மெருகு ஏற்றப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் லெ லோக்ல் என்னும் ஊரில் பலருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் 1741இல் மறைந்ததும் வரலாறு. ஒரு நாட்டின் பெருந்தொழில் பழுதுபார்த்தலில் தொடங்கியதாக அம்மக்கள் தம் கதையைச் சொல்லிக்கொள்வது கவனிக்கத்தக்கது.

சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மலையில் பனிக்காலம் நீண்டது. மண் பனியில் மூடிக்கிடக்கும் மாதங்களில் உழவருக்கு வேலை இல்லை. கடிகாரப் பாகங்கள் செய்யப் பெரிய இடமோ பெரிய உலையோ தேவைப்படவில்லை. ஒரு ஜன்னலும் அதன் அடியில் ஒரு மேசையும் போதும். பனிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் உதவிற்று. ஜன்னல்கள் அருகருகே வரிசையாக அமைந்த பண்ணைவீடுகளை இன்றும் அங்கே காணலாம். இருட்டிய பின் எண்ணெய் விளக்கின் முன் நீர் நிரம்பிய கண்ணாடிக் கோளத்தை வைத்து ஒளியை ஒரு புள்ளியில் குவிப்பது அக்காலக் கைவினைஞர் பலரின் வழக்கம். கடிகாரக்காரரின் மகனாகப் பிறந்த சிந்தனையாளர் ரூசோ, 1758இல் எழுதிய நூலொன்றில் இம்மலை உழவர்களின் கைத்திறனை வியந்து எழுதியுள்ளார்.

ஒருவர் முழுக் கடிகாரத்தையும் செய்வதில்லை. ஒரு வீட்டில் பற்சக்கரம், அடுத்த வீட்டில் முள், இன்னொரு வீட்டில் சுருள்வில். வணிகர் ஒருவர் இவற்றைத் திரட்டிப் பூட்டி விற்பார். இம்முறைக்குப் பிரெஞ்சு மொழியில் 'எதாப்லிசாஜ்' என்று பெயர். பணிமேசைக்கு அம்மொழியில் 'எதாப்லி' என்பர். இரண்டும் 'நிறுவுதல்' என்ற பொருள்தரும் ஒரே வினைச்சொல்லிலிருந்து பிறந்தவை. மேசையும் தொழில்முறையும் ஒரே வேர்ச்சொல்லைப் பகிர்ந்துகொண்டது பொருத்தமே.

ஊரே பட்டறையானது

லா ஷோ-த-ஃபோன் என்ற ஊரை 1794இல் பெருந்தீ அழித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நேர்க்கோட்டுத் தெருக்களுடன் விரிவாகத் திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. கட்டடங்கள் ஒன்றின் நிழல் மற்றொன்றின்மீது விழாதவாறு நீண்ட வரிசைகளாக, நடுவே தோட்டங்கள் விட்டு அமைக்கப்பட்டன. குடியிருப்பும் பட்டறையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. மேசைக்கு வெளிச்சம் வேண்டும் என்ற தேவை ஒரு நகரத்தின் வரைபடத்தையே தீர்மானித்தவற்றுள் ஒன்றானது. இவ்வூரும் லெ லோக்லும் 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1887இல் பிறந்தது இங்கேதான். அவருடைய தந்தை கடிகார முகப்புத் தகடுகளுக்கு எனாமல் பூசுபவர். ஒளியையும் நீண்ட ஜன்னலையும் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய ஒருவர் இந்த ஊரில் வளர்ந்தவர் என்பதில் வியப்பில்லை.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் கார்ல் மார்க்ஸ் கடிகாரத் தொழிலின் நுணுக்கமான உழைப்புப் பிரிவினையை விரிவாகப் பட்டியலிட்டு, இந்நகரை ஒரே பெரிய கடிகாரப் பட்டறையாகவே கருதலாம் என்கிறார். ஐந்தாண்டுகள் கழித்து வந்த ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கின் கண்டது வேறொரு கோணம். ஜூராவின் கடிகாரத் தொழிலாளர்கள் சிறு பட்டறைகளில் வேலை செய்தபடியே நாட்டு நடப்பை விவாதித்தனர். எவருக்கும் அஞ்சாமல் தம் கருத்தைச் சொன்னார்கள். அந்தத் தன்னுரிமை அவருடைய அரசியல் நம்பிக்கைகளைத் திடப்படுத்தியது. மேசையும் கருவியும் தமக்கே சொந்தமாக, மேற்பார்வையாளர் தலைக்குமேல் நில்லாத இடத்தில்தான் அத்தகைய பேச்சு எழும். கொத்தடிமைத் தறிகளை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாட்டின் பெருமை தெரியும். எனினும் பாகத்துக்கு இவ்வளவு கூலி என்று விலை வைத்தவர் வணிகர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

மேசை கைமாறிய கதை

அமெரிக்காவின் வால்தம் நகரில் எந்திரங்களால் ஒரே அளவான பாகங்கள் பெருமளவில் செய்யப்பட்டன. 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சிக்குச் சென்ற லாஞ்சின் நிறுவனத்தின் பொறியாளர் ஜாக் டேவிட், சுவிஸ் தொழில் விழித்துக்கொள்ளாவிட்டால் அழியும் என்று விரிவான அறிக்கை எழுதினார். பின்னர் ஜூராவிலும் தொழிற்சாலைகள் பெருகின. அங்கும் ஜன்னலோரம்தான் மேசைகள். ஆனால் ஒரே நீண்ட பலகையின் முன் பலர் வரிசையாக உட்கார்ந்தனர். மேசை இப்போது முதலாளியுடையது.

அடுத்த அடி பெரிது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. 1970இல் சுமார் 90,000 பேர் வேலைசெய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் 30,000 பேருக்குச் சற்று அதிகமானோரே எஞ்சினர். பழைய எந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. லெ லோக்லில் இருந்த ஜெனித் நிறுவனத்தில் 1975இல், 'எல் பிரிமேரோ' என்னும் இயக்கத்தின் கருவிகளைக் கழித்துவிட உத்தரவு வந்தது. ஷார்ல் வெர்மோ என்ற பணியாளர் அவற்றையும் வரைபடங்களையும் ஆவணக் குறிப்புகளையும் கூரையடி அறையில் மறைத்துவைத்தார். அதனால்தான் அந்த இயக்கத்தை மீண்டும் செய்ய முடிந்தது. 1988இல் ரோலெக்ஸ் தன் டேடோனா கடிகாரத்துக்கு அதையே பயன்படுத்தியது.

எல்லா மேசைகளுக்கும் அப்படி ஒரு காவலர் வாய்க்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூடப்பட்ட பட்டறைகளின் மேசைகளும், வாரிசு இல்லாத பழுதுபார்ப்பவர்களின் மேசைகளும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களுள் பலர் இத்தொழிலால் பிழைப்பவர்கள் அல்லர். அமெரிக்காவில் 1943லேயே கடிகாரச் சேகரிப்பாளர்களுக்குத் தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. பிழைப்புக்காக மேசை முன் உட்கார்ந்தவர்கள் குறைந்த அதே காலத்தில், விருப்பத்துக்காக உட்காருபவர்கள் கூடினர்.

இன்று மேசை அமைத்தல்

பழைய மேசை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது மரத்தில் பூச்சி அரிப்பு உண்டா என்பதை. அடுத்து, மேசை ஆடுகிறதா என்பதை. சிறிய கடைசல் எந்திரத்தைக் காலால் மிதித்து இயக்கிய காலத்து மேசைகளில் கீழே சக்கரத்துக்கென இடம் விடப்பட்டிருக்கும். இன்று அது வெற்றிடமே, குறையன்று. பலகையின் ஓரத்தில் சிறு விளிம்பு எழுந்திருக்க வேண்டும். உருண்டோடும் திருகாணி அங்கே நின்றுவிடும். பலகைக்கு அடியில் மார்பை நோக்கி இழுக்கக்கூடிய ஆழமற்ற தட்டோ துணித்தொட்டிலோ இருப்பின் அது மிக நல்ல மேசை. கைதவறும் பாகம் மடியில் விழாமல் அதில் விழும்.

பழைய மேசை கிடைக்காதவர் வருந்தத் தேவையில்லை. உறுதியான சாதாரண மேசையின் கால்களுக்கு அடியில் கட்டைகள் பொருத்தி உயர்த்துவோரும், மேசைமீது சுமார் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறு மேடை வைத்துக்கொள்வோரும் உண்டு. இதில் கஞ்சத்தனம் காட்டலாம், அசைவில் மட்டும் காட்டலாகாது. மேற்பரப்புக்கு இளம்பச்சை அல்லது வெளிர்நிற விரிப்பு ஏற்றது. கறுப்பில் எஃகுத் திருகாணி மறையும். பிரித்த பாகங்களை மூடிவைக்கக் கவிழ்த்த கண்ணாடிக் குவளை போதும். துணியிழை ஒன்று பற்சக்கரத்தில் சிக்கினாலே ஓட்டம் நிற்கும் என்பதால் மின்விசிறிக்கு நேர்க்கீழே மேசை போடக் கூடாது.

விளக்கு இருந்தாலும் ஜன்னலோரத்தைத் தேர்வது நலம். நேர்வெயில் படாத ஜன்னலாக இருக்க வேண்டும். தரையையும் பார்க்க வேண்டும். கம்பளம் கூடவே கூடாது. தரைப்பலகைகளின் இடுக்கை அடைத்துவிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சாமணத்தின் நுனியிலிருந்து தெறித்த சுருள்வில் ஒன்று காணாமல் போகலாம். அப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து ஒளியைப் பாய்ச்சித் தேட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள பொருளும் நீண்ட நிழலை வீழ்த்தும்.