சாண்டா மோனிகாவின் சார்னாக் கிணறுகள்

கலிபோர்னியாவில் மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க்குகளில் நிலத்தடி நீர் மாதிரி எடுப்பதுதான் என் பிழைப்பு. கான்கிரீட் தரையில் சாண் அகல இரும்பு மூடி. திறந்தால் இரண்டு அங்குல பிவிசி குழாய். மண்ணுக்குள் கசிந்த பெட்ரோல் நீரைவிட லேசு, மேலே மிதக்கும். நீர்மட்டத்தோடு அந்தப் படலத்தின் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்வோம்.

பூச்சில்லாத இரும்புத் தொட்டிகளை மண்ணில் புதைத்துவிட்டு மறந்த தலைமுறையின் மிச்சம் இது. துருப்பிடித்து ஓட்டை விழுந்ததை யார் கண்டார்கள்? 1984இல்தான் அமெரிக்க காங்கிரஸ் இதற்குச் சட்டம் போட்டது. பழைய தொட்டிகளைச் சீர்செய்யவோ மூடவோ 1998 டிசம்பர் வரை அவகாசம்.

அதற்குள் சாண்டா மோனிகா நகரம் மாட்டிக்கொண்டது. ஈயத்துக்குப் பதிலாக 1979 முதல் பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ, பென்சீனைப் போல அடங்கிக் கிடக்காது. நீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களும் சீக்கிரம் தின்னாது. டர்பன்டைன் வாடை வேறு. கசிந்த எம்டிபிஇ கலந்துவிட்ட சார்னாக் கிணறுகளை 1996இல் மூடியபோது நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியை இழந்து, வெளியே விலைக்கு வாங்கியது. காற்று சுத்தமாகட்டும் என்றே இடைப்பட்ட காலத்தில் எம்டிபிஇயை இன்னும் அதிகமாகச் சேர்த்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதற்கான மாநிலத் தடை முழுதாய் அமலாக 2003 முடிவாயிற்று. எண்ணெய் நிறுவனங்களோடு வழக்கு நடத்தி, சமரசம் பேசி, ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டிகளை நிறுவி, சார்னாக் தண்ணீர் மறுபடி குழாய்க்கு வருவதற்குள் ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஓடிவிட்டன.