தட்சிணசித்ராவில் ஒரு திண்ணை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் பேத்தியோடு முட்டுக்காடு தட்சிணசித்ரா போய் வந்தேன். விருத்தாசலத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போனோம். வெயில் சொல்லி மாளாது.

வீடுகளையே காட்சிப் பொருளாக வைக்கும் எண்ணம் பழையது. 1891-லேயே சுவீடனில் ஹசேலியஸ் என்பவர் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். நம் பக்கம் அது வர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் பிறந்து நம் ஊருக்கு மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன் 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷனை ஆரம்பித்தார். 1996-இல் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இடிபட இருந்த வீடுகளை வாங்கி, தூண், கதவு, ஓடு என்று பிரித்துக் கொண்டுவந்து, பத்து ஏக்கரில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து மரவீடு எல்லாம் உண்டு.

குயவர் வீட்டில் சக்கரம் சுற்றியது. பேத்தி பார்த்துவிட்டு, "இதுக்கு அச்சு கிடையாதா தாத்தா?" என்றாள். செராமிக் ஊர்ப் பிள்ளை அல்லவா! களிமண் கரைசலை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கையால் பானை எழும்புவதைப் பார்த்து வாய் திறந்து நின்றாள்.

கால் வலிக்க ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. மாடி கட்டும்போது நானே நின்று இடிக்கச் சொன்னேன். வகுப்பில் வரலாறு நடத்தியவன் செய்த வேலை இது. பேத்தி அடுத்து கேட்டாள்: "வழிப்போக்கர் உட்காரத்தான் திண்ணைன்னு பாடத்துல இருக்கு. யார் வேணும்னாலும் உட்காரலாமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

1970 வாக்கில் என் வகுப்புத் தோழன் ஒருவன் கணக்குப் படிக்க மாலையில் வருவான். நான் திண்ணையில், அரிக்கேன் விளக்கடியில். அவன் கீழே தெருவில் நின்றபடி, நோட்டைத் திண்ணை விளிம்பில் வைத்து எழுதுவான். மேலே வா என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. மழை வந்தால் அவன் வீட்டுக்கு ஓடிவிடுவான். கணக்கில் என்னைவிட அவன்தான் கெட்டிக்காரன்.

இதை அப்படியே பேத்தியிடம் சொன்னேன். "நீங்க ஏன் தாத்தா கீழே இறங்கி உட்காரலை?" என்று கேட்டாள்.

அவன் பிள்ளைகள் இருவரும் பிறகு என்னிடமே படித்தார்கள். இந்தப் பதிவு அவர்கள் கண்ணில் படும். அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள். வருகிற ஞாயிறு நான் வீட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லுங்கள்.