நடுவில் நிற்கும் நீலம்

சென்ற கூட்டத்தில் பேச்சாளரின் குரல் நடுநடுவே அறுந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். மெல்பர்னிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்த பலர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். தவறு என்னுடையது. இங்கே சிட்னியில், என் வீட்டுக் கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவே கிடந்த ஈதர்நெட் கேபிளை நானே செய்திருந்தேன். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் எரிந்தன. ஆனாலும் கேபிள் பிழையானது. ஏன் என்று தேடப்போன கதைதான் இன்றைய உரை.

150 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1872இல் சார்லஸ் டாட் தலைமையில் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டருக்குத் தந்திக்கம்பி இழுத்து முடித்தார்கள். டார்வினில் அது ஜாவாவிலிருந்து வந்த கடலடிக் கம்பியோடு சேர்ந்தது. அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு, பிறகு நம் மதராஸ். சிட்னி வணிகரின் செய்தி லண்டனுக்குப் போகும் வழியில் மதராஸைத் தொட்டுப் போனது. பாலைவனக் கம்பங்களில் ஓடியது ஒற்றை இரும்புக் கம்பி. மின்சாரம் திரும்பிவர மண்ணே வழி. தந்தியின் புள்ளிக்கும் கோட்டுக்கும் அது போதும்.

மனிதக் குரலுக்குப் போதவில்லை. 1880இல் மெல்பர்னில் தொலைபேசி இணைப்பகம் வந்தது. அக்காலத்தில் உலகெங்கும் தொலைபேசிக்கும் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான். பக்கத்துக் கம்பியின் பேச்சு இதில் கேட்கும். மின்விளக்கும் டிராமும் வந்தபின் இரைச்சல் இன்னும் கூடியது. 1881இல் கிரகாம் பெல் இதற்கொரு வழி கண்டு காப்புரிமை பெற்றார்: இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிடுவது. வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் படும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும், குரல் நிற்கும்.

1973இல் ஸீராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் ஈதர்நெட்டை வகுத்தபோது அது கோஆக்ஸ் கம்பியில் ஓடியது. 1990இல் வந்த 10பேஸ்-டி தரம் அதை முறுக்கிய தொலைபேசிக் கம்பிக்குக் கொண்டுவந்தது. தொலைபேசியில் நடு இரண்டு முனைகள் பேச்சுக்கு உரியவை. எட்டு முனைச் செருகியில் அவை 4, 5. ஈதர்நெட் அந்த இடத்தைத் தொடாமல் 1-2, 3-6 என்று விலகி உட்கார்ந்தது. அதனால்தான் இன்றும் நடுவில் நீல ஜோடி. நான் பின்பற்றும் பி வரிசையில், அதன் இருபுறமும் பிரிந்து நிற்பது பச்சை ஜோடி.

இது தெரியாமல், ஜோடியைப் பிரிப்பானேன் என்று 1-2, 3-4, 5-6, 7-8 என இரு முனையிலும் அழகாக அடுக்கிவிட்டேன். எட்டுக் கம்பிகளும் சரியான முனைக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால் விளக்குகள் எரிந்தன. ஆனால் 3இலும் 6இலும் போன செய்தி தன் இணையோடு முறுக்கப்படவில்லை. ஆளுக்கொரு ஜோடியில் அயலாரோடு முறுக்கிக்கொண்டு போனது. 1881க்கு முந்தைய நோய் என் மேசையில் திரும்பி வந்தது. கம்பி போய்ச் சேருகிறதா என்பதைத்தான் அந்தச் சின்னக் கருவி சொல்லும். யாரோடு சேர்ந்து போகிறது என்பதை அது பார்ப்பதில்லை.

செருகிகளை வெட்டிவிட்டு, முறுக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் மறுபடி போட்டேன். அந்தக் கேபிளில்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். சென்ற முறை பாதியில் நின்ற உரையை அடுத்த மாதம் முழுமையாகப் பேச அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். விலகிப் போனவர்களுக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்.