கூட்டுறவுக் கல்வியும் பம்பாய்த் தமிழரும்

சயான் என்று நாம் வழங்கும் ஊருக்கு மராத்தியில் சீவ் என்று பெயர். எல்லை என்பது அதன் பொருள். பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கிய இடம் அது. இன்று அந்த எல்லை நகரின் நடுவே அமைந்துவிட்டது. சயான் நிலையத்தில் இறங்கினால் மேற்கே தாராவி, தெற்கே மாதுங்கா, கிழக்கே செம்பூரும் அதற்கப்பால் தேவனாரும். இம்மூன்று திசைகளிலும் தமிழர் குடியேறினர். ஆயினும் வந்த வழி வேறு வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் தங்கினர். ரயில்வேயிலும் வர்த்தகக் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்தோர் மாதுங்காவில் வாடகைக்கு இடம் பிடித்தனர். செம்பூர் பிற்பாடு வளர்ந்தது.

இவ்வட்டாரத்தில் வாழும் நம் இல்லங்களில் பிள்ளையோ பெண்ணோ பட்டம் பெற்றதும், மேலே என்ன படிப்பது என்ற பேச்சு எழுகிறது. கூட்டுறவு நிர்வாகம், தொண்டு ஸ்தாபனங்களின் நிர்வாகம், சமூகப் பொருளாதாரம் ஆகியவற்றில் எம்.ஏ. படிக்கலாம் என்று யாரேனும் சொன்னால், பெற்றோர் சற்றுத் திகைப்பர். சங்கம் நடத்தப் பட்டமும் வேண்டுமா என்று கேட்பர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, இக்கல்வி நம் நாட்டில் உருவான வரலாற்றைப் பார்ப்பது நலம். அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி சயானுக்கு வெகு அருகிலேயே நடந்தது.

சமூகப் பொருளாதாரம் என்னும் தொடர் புதிதாகத் தோன்றலாம். அரசாங்கமும் நடத்தாமல், தனி முதலாளியின் இலாபத்திற்காகவும் நடவாமல், உறுப்பினர்கள் தமக்காகவோ பொதுமக்களுக்காகவோ ஒன்றுகூடி நடத்தும் காரியங்கள் அனைத்தையும் அது குறிக்கும். நம் நாட்டில் இவற்றுக்குச் சட்டம் பல உருவங்களைத் தந்துள்ளது. 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கங்கள் உண்டு. இம்மாநிலத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்ட பொது அறக்கட்டளைகள் உண்டு. 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் தனி. நம்மில் பலர் குடியிருக்கும் அடுக்கு வீடு ஒரு கூட்டுறவுச் சங்கம். நம் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளை நடத்தும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் மாதுங்காவில் தோன்றிய பொது ஸ்தாபனம். தாராவிப் பெண்கள் தமக்குள் பிடிக்கும் சீட்டு இந்தச் சட்டம் எதிலும் பதிவாகவில்லை. ஆயினும் அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே என்று நாம் கருதுகிறோம்.

கூட்டுறவு நம் நாட்டில் சட்டமாக வந்ததற்குச் சென்னை மாகாணமே முதற் காரணம். கிராமக் கடனைத் தீர்க்க வழி காணுமாறு சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற சிவில் உத்தியோகஸ்தரைப் பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பார் ஏழைக் குடியானவர்களை ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கச் செய்து நாணயச் சங்கங்களை அமைத்திருந்தார். அத்தகைய ஒரு மனிதரை இங்கும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே நிக்கல்சனின் முடிவு.

1904-இல் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. ஆனால் நிக்கல்சன் தேடச் சொன்ன மனிதருக்குப் பதிலாகச் சட்டம் ஓர் உத்தியோகஸ்தரை நியமித்தது, அவரே ரிஜிஸ்திரார். சங்கத்தைப் பதிவதும், கணக்கைத் தணிக்கை செய்வதும், தவறினால் கலைப்பதும் அவர் பொறுப்பாயின. இதன் விளைவு கல்வியிலும் தென்பட்டது. கூட்டுறவுப் பயிற்சி என்றால் இலாகா ஊழியர்க்கும் சங்கக் காரியதரிசிகளுக்கும் துணை விதி, பேரேடு, தணிக்கை முதலியவற்றைக் கற்பிப்பது என்று ஆயிற்று. பம்பாய் மாகாணக் கூட்டுறவு வங்கியை நெடுங்காலம் நடத்தி, பின்னர் மாகாண மந்திரியாகவும் இருந்த வைகுந்தலால் மேத்தாவின் பெயரால் புனாவில் தேசியக் கூட்டுறவு நிர்வாகக் கழகம் 1967-இல் அமைந்தது. அதற்கு முன் இருந்தவையும் பெரும்பாலும் பயிற்சிக் கல்லூரிகளே. பயிற்சி அவசியமானதுதான். ஆனால் மனிதர் ஏன் சேர்கிறார்கள், ஏன் பிரிகிறார்கள் என்பதைப் பேரேடு சொல்லுவதில்லை.

அதைச் சிலர் பள்ளிக்குப் போகாமலே அறிந்திருந்தனர். பம்பாயில் எஸ். எஸ். தல்மாகி என்னும் சாரஸ்வதப் பெரியார், தம் இனத்தவர் வாடகை வீடுகளில் படும் அவதியைக் கண்டு, 1915-இல் காம்தேவியில் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். நம் நாட்டு வீட்டுச் சங்கங்களின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

இனி வேறொரு கிளைக்கு வருவோம். கிளிபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1925-இல் பம்பாய்க்கு வந்து, பைக்குல்லாவை அடுத்த நாக்பாடாவில் நெய்பர்ஹுட் ஹவுஸ் என்னும் நிலையத்தை அமைத்தார்; அண்டை அயலார் இல்லம் என்று தமிழில் சொல்லலாம். ஆலைத் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. அங்கே வேலை செய்தபோது அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. இரக்கமுள்ளோர் பலர் உதவிக்கு வந்தனர். வேலை தெரிந்தோர் கிடைக்கவில்லை. தானம் கொடுப்பது புண்ணியம் என்று கருதிய நாட்டில், தொண்டும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்று சொல்வது அக்காலத்தில் துணிவான பேச்சு. ஸர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை அதற்குப் பணம் தந்தது. 1936-இல் அதே நாக்பாடா இல்லத்தில் ஸர் தோராப்ஜி டாட்டா சமூக சேவைப் பட்டதாரிப் பள்ளி திறந்தது. பட்டதாரிகளையே சேர்ப்பது, இரண்டு ஆண்டு பயிற்றுவது, வகுப்பிலும் வெளியிலும் வேலை செய்ய வைப்பது என்பன அதன் விதிகள். 1944-இல் அதற்கு டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் என்று பெயர் மாறிற்று.

மான்ஷார்ட் 1941-இல் தாயகம் திரும்பியபின் கழகத்தின் தலைமையை ஏற்றவர் ஒரு தமிழர். அவர் ஜே. எம். குமரப்பா. இவருடைய தம்பியே காந்தியடிகளின் கிராமப் பொருளாதாரத்திற்குச் சாஸ்திரம் வகுத்த ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவரே. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் நகரத்து ஏழைகளுக்குத் தொண்டு செய்வோரைப் பழக்கினார். மற்றவர் கிராமத்துத் தொழிலாளர் தம் உழைப்பின் பயனைத் தாமே அடையும் வழியைத் தேடினார். இரண்டும் ஒரே பாடத்தின் இரு அத்தியாயங்கள் என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அன்று அவை ஒரே கூரையின் கீழ்ப் போதிக்கப்படவில்லை.

ஏன் என்று ஆராய்ந்தால் காரணம் எளிது. படிப்பு வேலையைப் பின்பற்றிச் செல்லும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே சமூக சேவை பயின்றவர்க்கு ஆலைகளில் இடம் கிடைத்தது. கூட்டுறவு பயின்றவர்க்கு இலாகாவில் இடம் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் இடையே நின்ற காரியத்திற்குச் சம்பளம் தருவார் இல்லை. எனவே அதற்குப் பாடமும் இல்லை.

1954-இல் கழகம் செம்பூருக்கு அப்பால் தேவனாரில் தன் சொந்த இடத்திற்கு வந்தது. 1964-இல் அதற்குச் சர்வகலாசாலைக்கு ஒப்பான அந்தஸ்து கிடைத்தது. அக்காலத்திலேயே அதற்குச் சிறிது தூரத்தில் வேறொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. திராம்பே அணுசக்தி நிலையத்தை அடுத்து ஜனதா காலனி என்னும் குடிசைப் பகுதி இருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து, தச்சு வேலை தேடி வந்த ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர் அங்கே வாழ்ந்தார். குப்பை அள்ள ஆள் வராததால், காலனிக் குழந்தைகள் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையை எடுத்துச் சென்று நகரசபை அலுவலகத்தில் கொட்டும்படி அவர் ஏற்பாடு செய்தார். அதிகாரிகள் பேச வந்தனர். அதன்பின் குப்பை அகன்றது. 1974-இல் தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தை அவர் தொடங்கினார். 1976-இல், அவசரநிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சீத்தா காம்ப்புக்கு மாற்றப்பட்டனர்.

தோல்வி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஆயினும் அத்தோல்வியிலிருந்து அவர்கள் ஒன்று கற்றனர்: எதிர்ப்பு மட்டும் வீட்டைக் காப்பாற்றுவதில்லை, கையில் கணக்கும் சேமிப்பும் இருக்க வேண்டும். 1984-இல் ஸ்பார்க் என்னும் தொண்டு ஸ்தாபனம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தோரில் முக்கியமானவரான ஷீலா படேல் டாட்டா கழகத்தில் பயின்றவர். அதற்கு முன் அவர் பணியாற்றியதோ பழைய நாக்பாடா இல்லத்தில். கழகம் பிறந்த வீட்டிலிருந்தே இம்முயற்சியும் கிளம்பியது குறிப்பிடத்தக்கது. ஸ்பார்க்கும், அற்புதத்தின் சம்மேளனமும், பைக்குல்லா நடைபாதைப் பெண்களிடையே 1986-இல் உருவான மஹிளா மிலனும் கை கோத்தன. பெண்கள் தினந்தோறும் வீடு வீடாகச் சென்று சில்லறைச் சேமிப்பைத் திரட்டினர். எழுத்தறியாதோர் வண்ணத் தாள் துண்டுகளால் கணக்கு வைத்தனர். குடிசைகளைத் தாமே எண்ணினர். தாராவியில் ராஜீவ் இந்திரா முதலிய கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் இம்முயற்சியின் துணையால் கட்டிடம் எழுப்பின. அற்புதத்திற்கு 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது. 2018-இல் அவர் மறைந்தார்.

பட்டம் பெற்றவர் பட்டமில்லாதவரிடம் கற்றார் என்று இதை ஒரு பக்கமாகச் சொல்லிவிடக் கூடாது. வங்கியோடும் அரசாங்கத்தோடும் ஒப்பந்தம் செய்யவும், கட்டிடத்திற்குக் கடன் பெறவும், நன்கொடைக்குக் கணக்குக் காட்டவும் படித்தவர் தேவைப்பட்டனர். இரு தரப்பும் இல்லாமல் அச்சுவர்கள் எழுந்திரா.

கல்விக்கூடங்களும் மெல்ல இவ்வழிக்கு வந்தன. குஜராத்தில் பால் கூட்டுறவுகளுக்கு ஆள் தயாரிக்க 1979-இல் டாக்டர் குரியன் ஆனந்தில் கிராம நிர்வாகக் கழகத்தை நிறுவினார். தேவனாரில் டாட்டா கழகம் 2007-இல் சமூகத் தொழில்முனைவில் எம்.ஏ. வகுப்பைத் தொடங்கியது. தாயகத்தில், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமத்தில் 1956-இல் தோன்றிய கிராமியக் கழகம் கூட்டுறவைத் தனித் துறையாகவே போதித்து வந்துள்ளது; ஊர் திரும்ப விரும்பும் பிள்ளைகள் அதை நினைவில் கொள்ளலாம். 2021-இல் மத்திய அரசில் கூட்டுறவுக்குத் தனி மந்திரி இலாகா ஏற்பட்டது. 2025-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் ஆனந்துக் கழகம் திரிபுவன் கூட்டுறவுச் சர்வகலாசாலையாக உருப்பெற்றது. உலக அரங்கிலும் 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சமூகப் பொருளாதாரத்தைக் குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. கனடாவில் அந்திகோனிஷ் நகரத்துச் சர்வகலாசாலை 1928-லேயே விரிவுரைப் பகுதி ஒன்றை அமைத்து, மீனவரின் ஊர்களுக்கே சென்று கூட்டுறவைக் கற்பித்தது. அதனோடு ஒப்பிட்டால் நாம் தாமதமாகவே விழித்தோம்.

இனி, சங்கம் நடத்தப் பட்டம் வேண்டுமா என்ற கேள்விக்குச் சயானைச் சுற்றியே விடை தேடலாம். 1995-இல் வந்த குடிசைப் புனரமைப்புத் திட்டத்தின்படி, குடியிருப்போர் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கமாகச் சேர வேண்டும். சேர்வதற்குக் கையெழுத்துப் போதும். குடிசையில் மாடிப்படியும் லிப்டும் இல்லை. அவற்றைப் பழுதுபார்க்கும் செலவும் இல்லை. ஏழு மாடி ஏறியபின் லிப்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் மாதந்தோறும் பணம் பிரிக்க வேண்டும். கொடுக்க இயலாத வீட்டை என்ன செய்வது, கொடுக்க மறுக்கும் வீட்டை என்ன செய்வது, கட்டுபவர் விட்டுச்சென்ற குறையை யாரிடம் முறையிடுவது, வருடாந்தரக் கூட்டத்திற்கு ஆட்களை எப்படி வரவழைப்பது? இக்கேள்விகளை எடுத்துக்கொண்டு தெரியாத மொழியில் எழுதிய துணை விதிப் புத்தகத்தின் முன் நம் தாராவித் தாய்மார் உட்கார்ந்திருக்கின்றனர். இந்தப் பாடத்தைப் பயின்ற தமிழ்ப் பிள்ளை ஒருவர் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரலாம். சயானிலிருந்து தேவனார் ஒரு பஸ் தூரம்தான்.