மருந்தும் இசைவும்

திருவண்ணாமலையை வலம் வருவோர் நகரத்தின் ஆரவாரத்தைக் கடந்து மலையின் பின்புறத்தை அடையும்போது அடி அண்ணாமலை என்னும் சிற்றூரைக் காண்பர். 14 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதையில் சற்றே அமைதி நிலவும் இடம் அது. அங்கே ஆதி அருணாசலேசுவரர் கோயில் உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று மக்கள் போற்றும் சிறு கோயிலும் உண்டு. முழுநிலா நாளில் இவ்வழியே மக்கள் வெள்ளம் போல் செல்கின்றனர். ஏனைய நாட்களில் நடந்தால் வேறு சிலர் நம் கண்ணிற் படுவர். மர நிழலில் தமக்குத் தாமே பேசிக்கொண்டிருப்பார் ஒருவர். கொடுத்த சோற்றைத் தொடாமல் வானத்தை நோக்கி அமர்ந்திருப்பார் மற்றொருவர். இவர்களுள் துறவி யார், வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர் யார், மனநோயால் வீட்டை மறந்து வந்தவர் யார் என்பதைக் கட்டிய துணியைக் கொண்டு அறிய இயலாது.

மாணவ நண்பர்களே! இவர்களுள் ஒருவருக்கு மருந்து தேவை என்று வைத்துக்கொள்வோம். அதை யார் கொடுப்பது? எந்த உரிமையால் கொடுப்பது? அவர் வேண்டாம் என்று தலையசைத்தால் என் செய்வது? அவர் அறியாமல் சோற்றிலே பிசைந்து கொடுத்துவிடலாமா? சிறிய வினாக்கள் போலத் தோன்றும் இவற்றுக்கு விடை காணச் சட்டம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த ஊரிலேயே நிகழ்ந்த இரண்டு செய்திகள். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் வேங்கடராமன் என்னும் 16 வயது இளைஞர் மதுரையிலிருந்து இங்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் உலகம் அறிந்த ரமண மகரிஷி அவரே. வந்த சில காலத்துக்குள் கோயிலுக்குள் பாதாள லிங்கம் இருக்கும் இருட்டறையில் உடலுணர்வு அற்று அமர்ந்துவிட்டார். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியும் அவர் அறியவில்லை. அவரைக் காத்து நின்றவர் சேஷாத்திரி சுவாமிகள். அச்சுவாமிகளையே பித்தர் என்று சொன்னவர்களும் ஊரில் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

பின்பு அவ்விளைஞரைச் சுப்பிரமணியர் சந்நிதிக்குத் தூக்கி வந்தனர். அங்கிருந்த மௌன சுவாமி ஒருவர், அம்மன் திருமுழுக்கில் வழிந்த பாலை நாள்தோறும் அவருக்குப் புகட்டி வந்தார். அதில் பால் மட்டுமா இருந்தது? தண்ணீர், மஞ்சட்பொடி, சர்க்கரை, வாழைப்பழம், பெருங்காயம் எல்லாம் கலந்திருந்தன! ஒரு நாள் அர்ச்சகர் இதைக் கண்டு வருந்தி, இனித் தூய பாலையே தனியாக அனுப்ப ஏற்பாடு செய்தார். அவ்விளைஞரை நோயாளி என்று நான் சொல்ல வரவில்லை. குடிப்பவரால் குவளையில் என்ன இருக்கிறது என்று கேட்க முடியாதபோது, கேட்கும் பொறுப்பு கொடுப்பவருக்கு வந்துவிடுகிறது. அன்பு அந்த மௌன சுவாமியிடமும் இருந்தது. குவளைக்குள் எட்டிப் பார்த்தவர் அர்ச்சகர்தாம்.

இரண்டாவது செய்தி அரை நூற்றாண்டு கழித்து நிகழ்ந்தது. 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகரிஷியின் இடக்கையில் ஒரு கட்டி தோன்றியது. அறுத்து எடுத்தும் மீண்டும் வளர்ந்தது. புற்று என்று தெரிந்தது. கையையே நீக்கிவிடலாம் என்று மருத்துவர்கள் கருதினர். அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அவர் மறைந்தார். அந்த முடிவு தவறு என்று வருந்தியவர்கள் இருந்திருக்கலாம். ஆயினும் தெளிந்த அறிவுடைய ஒருவர் வேண்டாம் என்றபின் கத்தியை எடுக்கும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை. முதற் செய்தியில் ஊட்டாமல் விடுவது குற்றம். இரண்டாவதில் வற்புறுத்துவது குற்றம். ஆள் ஒருவரே. ஆகவே வேறுபாட்டை ஆளிடத்தில் தேடக்கூடாது. அந்த வேளையில் அவருக்கு இருந்த திறனிலே தேட வேண்டும். சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை சுற்றுப் பாதைகளில் அலைந்தது என்று பாருங்கள்.

சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கனோலி என்னும் கம்பெனி மருத்துவர் மனநோயர்க்கென ஒரு விடுதியைத் திறந்தார். 1871இல் அரசாங்க மனநோய் விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது; இன்று அது மனநலக் கழகம் என வழங்குகிறது. அக்காலச் சட்டங்களின் கவலை ஒன்றே: யாரை உள்ளே அடைப்பது? 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் அதற்கு நீதிபதியின் ஆணையும் மருத்துவர் சான்றும் கேட்டது. கதவைக் கடந்தபின் ஒருவர் வாயில் ஊட்டும் மருந்துக்கு அவருடைய இசைவு வேண்டுமா என்பதைக் கேட்கவில்லை. அதில் வியப்பில்லை. அந்நாளில் ஊட்டுவதற்கு உருப்படியான மருந்தே கிடையாது. தூக்கம் வருவிக்கும் சரக்குகளே இருந்தன.

மருந்து வந்த பிறகே வினாவும் வந்தது. 1952இல் பாரிஸ் நகரத்துச் செயிண்ட்-ஆன் மருத்துவமனையில் தெலே, தெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரைப் பற்றிக் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் 1931லேயே எழுதியிருந்தனர். அவ்வேரிலிருந்து பிரித்த ரிசர்பினும் அதே ஐம்பதுகளில் மனநோய்க்குப் பயன்பட்டது. பல்லாண்டு கட்டுண்டு கிடந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாயினர். சென்னையில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், சிறைபோல் இருந்த அந்த இடத்தை மருத்துவமனையாக மாற்றப் பாடுபட்டார். 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

மருந்து வீட்டுக்கு வந்தது. அதனோடு ஒரு பழக்கமும் வந்தது. மகன் மாத்திரை தின்ன மறுக்கிறான். தாய் அதைப் பொடித்துக் காப்பியிலே கலக்கிறாள். இட்லி மாவிலே பிசைகிறாள். அந்தத் தாயைக் குற்றஞ் சொல்ல என் நா எழவில்லை. அவள் கண்ட இரவுகளை நாம் கண்டதில்லை. ஆயினும் இதில் உள்ள ஆபத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சில மாத்திரைகள் நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்தால் ஒரு நாளைய மருந்து ஒரே வீச்சில் உடம்பில் இறங்கும். லித்தியத்துக்கு இரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; மருந்து தின்பதையே அறியாதவன் இரத்தம் கொடுக்க எதற்காக வருவான்? கை நடுங்கினால், நாக்கு வறண்டால், கழுத்து இழுத்தால், அது மருந்தின் வேலை என்று அவனுக்குத் தெரியாது. வேறு மருத்துவரிடம் போனால் அவரிடமும் சொல்ல மாட்டான். என்றேனும் ஒரு நாள் காப்பியின் அடியில் வெள்ளைப் பொடியைக் கண்டுவிட்டால், யாரோ தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று அவன் நோயினால் கொண்ட அச்சம் மெய்யாகிவிடுகிறது. அதன்பின் அவ்வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பானா?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. குடியை நிறுத்துவதற்கென டைசல்பிராம் என்னும் மருந்தை 1940களின் இறுதியில் டென்மார்க்கு அறிஞர்கள் கண்டனர். அதைத் தின்றவர் மது அருந்தினால் முகம் சிவக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் வீழும். சிலபோது உயிரும் போகும். குடிப்பவர் முழுதும் அறிந்து இசைந்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது அம்மருந்தின் முதல் விதி. நம் நாட்டிலோ கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கப்படுவதுண்டு. காலையில் அவனிடம் பேசலாம், கேட்கலாம். கேட்காமல் கொடுப்பது மருத்துவம் ஆகாது.

மருந்தே கொடாமல் விட்டதன் விளைவையும் தமிழ்நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்த மனநோயர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்து விசாரித்தது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. நோயரைக் கொடுமைப்படுத்தலாகாது என்று அது எழுதியும் வைத்திருந்தது. எழுத்து சங்கிலியை அறுக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எவ்வகையிலும் சங்கிலியிடுதல் அதில் தடை செய்யப்பட்டது. ஆனால் நம் வினாவுக்கு விடை அதன் நான்காம் பிரிவில் இருக்கிறது. மனநோய் உள்ளவருக்கும் தம் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே அது தொடங்குகிறது. சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா, விளைவை உணர்கிறாரா, பேச்சாலோ சைகையாலோ முடிவைத் தெரிவிக்கிறாரா என்பனவே அளவுகோல்கள். அவருக்கு விளங்கும் எளிய மொழியில், வேண்டுமானால் படம் காட்டியும் சொல்லியாக வேண்டும். அவருடைய முடிவு பிறர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றுவது ஒன்றினாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது. 1949இல் கையை வெட்ட இசையாதவரை நினைத்துப் பாருங்கள்! ஊரார் ஒப்பும் சமய நம்பிக்கைக்கும் ஒழுக்கத்துக்கும் ஒருவர் மாறாக நடப்பதைக் கொண்டே அவரை மனநோயர் என்று முடிவு கட்டக்கூடாது என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. சேஷாத்திரி சுவாமிகள் உலவிய ஊரில் இவ்விதிக்குத் தனிப்பொருள் உண்டு.

திறன் இல்லாதவருக்கு என்ன வழி? அவர் முன்னரே குறித்துவைத்த, அல்லது சட்டம் காட்டும் வரிசைப்படி அமைந்த நியமனப் பிரதிநிதி அவருக்குத் துணை நிற்பார். இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒத்துக்கொண்டால் 30 நாள் வரை மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம். ஏழு நாளுக்கு ஒரு முறை அவருடைய திறன் மீண்டும் ஆராயப்பட வேண்டும். திறன் திரும்பியதும் பிரதிநிதியின் சொல் நின்று, அவர் சொல்லே செல்லும். உயிருக்கோ பிறருக்கோ ஆபத்தென்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர மருந்து கொடுக்கலாம். பிரதிநிதி அருகில் இருந்தால் அவர் இசைவைப் பெற வேண்டும். அந்த ஆபத்தோடு தொடர்பில்லாத சிகிச்சைக்கு அங்கே இடமில்லை.

காப்பியில் கலப்பதைப் பற்றி இச்சட்டம் பெயர் சொல்லிப் பேசவில்லை. எனினும் இசைவு என்பது வற்புறுத்தலும் அச்சுறுத்தலும் ஏமாற்றும் இன்றிப் பெறப்பட வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. மறைத்துக் கொடுத்தல் இந்த வரையறைக்குள் எவ்வாறு அடங்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் திறன் சட்டத்தை ஒட்டி ஒரு முறை வகுத்துள்ளனர். திறன் இல்லை என்பது ஆராய்ந்து உறுதியான பின்னரே, மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர், உறவினர் கலந்து பேசி, காரணத்தை எழுதிவைத்து, காலந்தோறும் மறுஆய்வு செய்யும் நிபந்தனையோடு, வேறு வழியில்லாதபோது மறைத்துக் கொடுக்கலாம் என்பது அம்முறை. பொடிக்கத் தகாத மாத்திரை எது என்று சொல்ல மருந்தாளுநர் அங்கே இருக்கிறார். நம் அடுக்களையில் இல்லை.

அடி அண்ணாமலைச் சாலையோரத்தில் இருப்பவருக்கோ அடுக்களையும் இல்லை, தாயும் அருகில் இல்லை. அத்தகையவரைப் பற்றிச் சட்டத்தின் நூறாம் பிரிவு பேசுகிறது. தம்மைத் தாம் காத்துக்கொள்ள இயலாமல் மனநோயோடு அலைபவரைக் கண்டால் காவல் அலுவலர் அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைத்தல் கூடாது. சிறையில் அடைத்தல் கூடாது. உறவினர் எவரும் இல்லையெனில் சமூக நலத்துறை இயக்குநரோ அவர் அமர்த்துபவரோ நியமனப் பிரதிநிதி ஆவர். மருந்துக் குவளையை நீட்டுமுன் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பொறுப்பு அன்று முதல் அவருக்கு.