பூட்டிய பீரோவில் ஒரு யுத்தம்

வீட்டில் பையனோ பெண்ணோ வந்து நின்று, ‘ராணுவ வரலாற்றில் பி.எச்டி. பண்ணப் போறேன்’ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ‘படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?’ என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஃபைல் கிடைக்குமா?

ராணுவ வரலாறு என்றதும் பீரங்கி, குதிரை, வீர வசனம் என்று போய்விடாதீர்கள். அதெல்லாம் சினிமாவுக்கு. ஆராய்ச்சி மாணவர் பார்ப்பது கிட்டத்தட்ட ஆடிட்டர் வேலை. ஜெனரல்கள் ஓய்வு பெற்றதும் புத்தகம் எழுதுவார்கள். அது முதலாளி தானே எழுதிக்கொண்ட கணக்கு மாதிரி. லாபம் வந்தால் என் சாமர்த்தியம், நஷ்டம் வந்தால் பார்ட்னர் சரியில்லை. நல்ல ஆடிட்டர் இதைக் கேட்டுத் தலையாட்ட மாட்டார். வவுச்சர் எங்கே என்பார்.

போருக்கும் வவுச்சர் உண்டு. போர் நாட்குறிப்பு என்று பெயர். களத்தில் நிற்கும் படைப்பிரிவு அன்றன்றைக்கு எழுதி வைப்பது. எத்தனை மணிக்கு என்ன உத்தரவு வந்தது, எங்கே நகர்ந்தோம், எத்தனை பேர் செத்தார்கள். அவ்வளவுதான். படிக்க ஒரு சுவாரசியமும் இருக்காது. ஆனால் நாளைக்கு ஜெயிப்போமா தோற்போமா என்று தெரியாமல் எழுதப்பட்டது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

சரி, 1962-ஐ எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 20-ம் தேதி சீனா தாக்கியது. நவம்பர் 21-ம் தேதி சீனாவே போர்நிறுத்தம் அறிவித்தது. ஒரே மாதம். நாம் தோற்றோம். ஏன்?

கிழக்கு எல்லையில் படைக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல் 1967-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவருக்குக் கீழே களத்தில் நின்று, சீனர்களிடம் கைதியான பிரிகேடியர் ஜான் தால்வி 1969-ல் ஒன்று எழுதினார். டெல்லித் தலைமையகத்தில் ராணுவ நடவடிக்கைகளின் இயக்குநராக இருந்த டி.கே. பாலித் 1991-ல் இன்னொன்று எழுதினார். ஒரே போர். மூன்று கணக்குப் புத்தகங்கள். எந்தக் கணக்கில் எந்த வரி சரி? வவுச்சர் இல்லாமல் எப்படிச் சொல்வது?

வவுச்சர் இல்லாமலா போய்விட்டது? பேஷாக இருக்கிறது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் விசாரணை நடத்தி 1963-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள்தான் திறக்கவில்லை. 2010-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அதிலுள்ள விஷயங்கள் இன்றைக்கும் ராணுவ முக்கியத்துவம் உள்ளவை என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். 2014-ல் வேடிக்கை நடந்தது. நெவில் மாக்ஸ்வெல் என்கிற பத்திரிகையாளர் தம்மிடமிருந்த பெரும்பகுதியை இணையத்தில் போட்டார். ஊர் உலகமே படித்தது. ஆனாலும் அரசாங்கக் கணக்கில் அது ரகசியம்தான்!

எல்லைத் தகராறு தீரவில்லை, எல்லாவற்றையும் எப்படித் திறப்பது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பிரிட்டனில்கூட எல்லாவற்றையும் திறப்பதில்லை. ஆனால் அங்கே விதி இருக்கிறது. முன்பு 30 ஆண்டுகள். 2013 முதல் படிப்படியாக 20 ஆண்டுகள். அது கழிந்தால் ஃபைல் வெளியே வர வேண்டும். வரக்கூடாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். இங்கே தலைகீழ். வெளியே வருவதற்குத்தான் காரணம் கேட்பார்கள்.

விளைவு என்ன தெரியுமா? நம் போரைப் படிக்க நம் மாணவர் வெளிநாடு போகிறார். 1962 நவம்பர் 19-ம் தேதி நேரு, அமெரிக்க அதிபர் கென்னடிக்கு அவசரமாகக் கடிதங்கள் எழுதி, 12 ஸ்குவாட்ரன் போர் விமானங்கள் கேட்டார். அந்தக் கடிதங்களை பாஸ்டனில் இருக்கும் கென்னடி நூலகம் வெளியிட்டிருக்கிறது. நம் பிரதமர் எழுதிய கடிதம். படிக்கத் தருவது அமெரிக்கா.

இத்தனையையும் மீறிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீநாத் ராகவன், காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர். ராணுவத்தை விட்டு வந்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். நேரு காலத்துப் போர்களைப் பற்றி 2010-லும், 1971 போரைப் பற்றி 2013-லும் புத்தகங்கள் எழுதினார். பல நாட்டு ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்து எழுதியவை. செய்ய முடியும். ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது.

பழைய காகிதத்துக்கு ஏன் இத்தனை அலட்டல் என்கிறீர்களா? ரெசாங் லா தெரியுமல்லவா? லடாக்கில் ஒரு கணவாய். 1962 நவம்பர் 18-ம் தேதி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13-வது குமாவோன் படையின் சுமார் 120 பேர் அங்கே நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உயிர் பிழைத்து வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. சும்மா கதை விடுகிறார்கள் என்றார்கள். 1963-ன் தொடக்கத்தில்தான் உடல்கள் கிடைத்தன. பதுங்குகுழியில், உறைந்துபோய், கையில் ஆயுதத்தோடு.

அவர்களுக்குப் பனி சாட்சி சொன்னது. அந்தப் போரில் மற்ற முனைகளில் நின்றவர்களுக்கு யார் சொல்வது? கோழையா, கைவிடப்பட்டவனா, உத்தரவே வராமல் செத்தவனா? ஃபைல்தான் சொல்ல வேண்டும். அதைப் படித்துச் சரிபார்த்து, ‘இதுதான் நடந்தது’ என்று எழுத ஒரு மாணவர் வேண்டும்.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது. போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். போர் முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதன் வரலாற்றைத் தொகுக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விஷயம். காகிதத்தில் இருப்பது பீரோ சாவிவரைக்கும் போக வேண்டும்.

சீக்கிரம் போனால் நல்லது. 1962-ல் இருபது வயதில் துப்பாக்கி தூக்கியவருக்கு 2022-ல் எண்பது. ஃபைல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும். அவரால் முடியாது.