சேலம், நாமக்கல் சமவெளியில் கழுத்துச் சிகிச்சையும் நோய்த்தேர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியில் கழுத்து வலிக்கும் அதனோடு தொடரும் தலைவலிக்கும் மருத்துவம் தேடுவோர் இரு வழிகளை நாடுகின்றனர். ஒன்று, தடவியும் அழுத்தியும் திருப்பியும் செய்யப்படும் கைச்சிகிச்சை. மற்றொன்று, எக்ஸ்ரே, ஸ்கேன் வழியே நோயறியும் மருத்துவமனை. இவ்விரண்டையும் மரபு, நவீனம் என எதிரெதிரே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. வரலாற்றுச் சான்றுகள் இப்பகுப்புக்கு இடந்தரவில்லை. கழுத்தில் கைவைக்கும் முன் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்னும் வினா வர்ம நூல்களிலேயே உள்ளது. கைச்சிகிச்சை அவ்வினாவை எங்கே தக்கவைத்தது, எங்கே இழந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சுளுக்கு என்னும் ஒரு சொல்

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டம் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலால் நாடறிந்தது. சங்ககிரி லாரிகளுக்கும் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. ஸ்ரீநகர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலை இச்சமவெளியை வடக்குத் தெற்காகக் கடக்கிறது. கொச்சி செல்லும் சாலை சேலத்திலிருந்து பிரிகிறது. சேலத்திற்கு வடக்கே தொப்பூர்க் கணவாயின் சரிவு விபத்துகளுக்குப் பேர்போனது. நாள்முழுதும் ஸ்டீயரிங் பிடிக்கும் ஓட்டுநர், மூட்டை தூக்கும் தொழிலாளர், குழித்தறியில் தலைகுனிந்து நெய்யும் நெசவாளர் ஆகியோருக்குக் கழுத்து வலி தொழிலோடு ஒட்டியது.

இவ்வலிகள் ஓரினத்தவை அல்ல. நெசவாளருக்கு ஆண்டுக்கணக்கில் உண்டாகும் தேய்மானம் வேறு. பின்னால் வந்த வண்டி மோதியதில் தலை பின்னும் முன்னும் வெட்டி இழுக்கப்பட்ட ஓட்டுநரின் காயம் வேறு. பின்னதை 1928இல் அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு குரோ சாட்டையடிக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டார். அக்காயத்தின் வலி பல வேளைகளில் உடனே தோன்றாது. சில மணிநேரம் கழித்தோ மறுநாளோ தலைதூக்கும். விபத்திலிருந்து நடந்தே வந்தவர் மறுநாள் கழுத்தைத் திருப்ப இயலாதபோது அதை விபத்தோடு இணைத்துப் பார்க்காமல் போவதற்கு இதுவே காரணம்.

மக்கள் வழக்கில் இவை யாவும் ‘சுளுக்கு’ அல்லது ‘பிடிப்பு’. இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் வழித்துவிட்டால் சுளுக்கு நீங்கும் என்ற நம்பிக்கை தமிழகச் சிற்றூர்களில் பரவலானது. முடிதிருத்தகத்தில் தலையைப் பிடித்துச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கமும் அவ்வாறே. முடிதிருத்தும் சமூகத்தார் ஒரு காலத்தில் ஊர் மருத்துவராகவும் விளங்கினர். அரசின் சாதிப் பட்டியலில் ‘மருத்துவர்’ என்னும் பெயர் ‘நாவிதர்’ என்பதற்கு முன்னால் இன்றும் நிற்கிறது. மருத்துவத் தொழில் அவர்களிடமிருந்து விலகிய பின்னரும் நெட்டி முறித்தல் மட்டும் தங்கிவிட்டது எனக் கொள்ளலாம். மருந்தும் நோய்க்கணிப்பும் போய், கையசைவு எஞ்சியது.

வர்ம நூல்களில் தேர்வு

சித்த மருத்துவம் நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என எண்வகைத் தேர்வை வகுத்துள்ளது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களைத் தனித்தனியே பெயரிட்டுப் பிரிக்கிறது. அவற்றுள் செகனவாதத்தை இக்காலச் சித்த மருத்துவ ஆய்வேடுகள் கழுத்தெலும்புத் தேய்மானத்தோடு ஒப்பிடுகின்றன. ‘சுளுக்கு’ என்று பேச்சுவழக்கு ஒன்றாக்கியதை நூல்வழக்கு பலவாகப் பகுத்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

வர்மக்கலை தென்கோடியில், குறிப்பாகக் கன்னியாகுமரிப் பகுதியில், ஆசான் மரபாக வளர்ந்தது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களைப் பேசும் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் இருப்பிடம், அடிபட்டால் தோன்றும் குறிகுணம், மீட்பதற்குரிய நாழிகை வரம்பு, இளக்குமுறை, பத்தியம் ஆகியவற்றைச் சொல்கின்றன. தலையும் பிடரியும் இவற்றில் சிறப்பிடம் பெறுகின்றன. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ஓலைச்சுவடியிலிருந்து பதிப்பித்த ‘வர்ம சூத்திரம்’ இவ்வகை நூல்களுள் ஒன்று. உணர்விழத்தல், கண் செருகல், பேச்சு நிற்றல் முதலிய குறிகளைக் கண்டு, தீரும், தீராது எனப் பிரித்த பின்னரே ஆசான் கைவைக்க வேண்டும். தீராதெனக் கண்டதைத் தொடாமல் விடுவதும் கலையின் பகுதியே. வர்மத்தை வெறும் ‘புள்ளி அழுத்தம்’ எனச் சுருக்கும் இன்றைய விளம்பரங்கள் மறைப்பது இந்த முன்தேர்வைத்தான்.

படமும் கையும்

மேலை நாட்டிலும் இதே இழுபறி இருந்தது. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டறிந்தார். 1910இல் பாமரின் மகன் பி.ஜே. பாமர் தம் பள்ளியில் எக்ஸ்ரே கருவியைப் புகுத்தினார். ஆனால் அக்கருவி எலும்பு இடம்பெயர்ந்ததே நோய்க்குக் காரணம் என்ற முன்முடிவை உறுதிசெய்யவே பெரிதும் பயன்பட்டது. கருவி இருப்பதாலேயே நோய்த்தேர்வு நிகழ்ந்துவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

நோய்த்தேர்வை ஒழுங்குபடுத்திய பணி நூறாண்டு கழித்தே நடந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு 34,069 நோயாளிகளைக் கொண்டு ஐந்து கூறுகளை நிறுத்தியது: நடுக்கழுத்தில் தொட்டால் வலியின்மை, நரம்புக்குறை இன்மை, தெளிந்த உணர்வு, போதையின்மை, கவனத்தைத் திருப்பும் வேறு கொடுங்காயம் இன்மை. ஐந்தும் பொருந்தினால் படம் தேவையில்லை. 2001இல் வந்த கனடா விதி மேலும் நுட்பமானது. அகவை 65க்கு மேற்பட்டோருக்கும், கடும் மோதலில் சிக்கியோருக்கும், கை கால் மரத்துப்போனோருக்கும் நேரே படம் எடுக்கப்பட வேண்டும். ஏனையோரிலும் இடர்குறைவு எனக் காணப்பட்டவர்கள் மட்டுமே கழுத்தை இருபுறமும் 45 பாகை திருப்பிக் காட்டக் கேட்கப்படுவர். அப்போதும் நோயாளி தாமே திருப்புகிறார். மருத்துவரின் கை திருப்புவதில்லை.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்; வட்டையும் நரம்பையும் காண எம்.ஆர்.ஐ. வேண்டும், மூளைக்குச் செல்லும் தமனியைக் காணத் தனிப்படம் வேண்டும். இத்தமனியின் உட்சுவர் கிழிந்தால் முதலில் தோன்றுவது பெரும்பாலும் கழுத்து வலியும் தலைவலியுமே. அவ்வலியே ஒருவரை நெட்டி முறிப்பவரிடம் அனுப்புகிறது. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கை கழுத்துத் திருப்பலுக்கும் இக்கிழிசலுக்கும் தொடர்பிருப்பதைச் சுட்டி, எது முந்தியது என்பது நிறுவப்படவில்லை என்றும் கூறியது. முந்தியது எதுவாயினும், கிழிந்த தமனியுள்ள கழுத்தைத் திருப்புவது தீங்கே.

சமவெளிக்கு வந்த நோய்த்தேர்வு

இத்தேர்வுக் கருவிகள் சேலத்தை அடையக் காலம் பிடித்தது. சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கியது. நரம்பறுவை மருத்துவம் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியாலும், 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தியாலும் நிலைபெற்றது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல்தான் அமைந்தது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இடைப்பட்ட பதிற்றாண்டுகளில் தொப்பூரில் அடிபட்ட கழுத்துக்கு அருகில் கிடைத்தது எண்ணெய்க் கிண்ணமே. இதை மக்களின் அறியாமை என்று எழுதுவது எளிது. தொலைவையும் செலவையும் கணக்கில் கொள்ளாத எழுத்து அது.

2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியபோது முதலுதவியின் இலக்கணம் மாறியது. அவ்வண்டியில் வருவோர் அடிபட்டவரின் கழுத்தைத் தடவுவதில்லை. பட்டை கட்டி அசையாது நிறுத்துகின்றனர். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தின் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கச் செய்தது. வர்ம நூல்களின் அளவையில் அது 120 நாழிகை. சித்த மருத்துவப் பட்டப் படிப்பின் பாடத்திட்டத்தில் இன்று வர்மமும் இக்கால நோயறி முறைகளும் இடம்பெறுகின்றன; சேலத்திலும் சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முடிதிருத்தகத்து நெட்டி முறித்தல் மட்டும் எப்பாடத்திட்டத்திற்கும் உட்படாமல் தொடர்கிறது.